பஸ் பயணத்தில் கைபேசியில் படம் வரையும் செய்நிரல்: வன்னியில் புதிதாகத் தொடங்குவோருக்கு

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும், முல்லைத்தீவிலிருந்து மாங்குளத்துக்கும் நாள்தோறும் பஸ்ஸில் போய்வரும் மாணவர்கள், ஆசிரியர்கள், உத்தியோகத்தர்கள் பலரிடம் மடிக்கணினி இல்லை. ஆனால் கைபேசி இருக்கிறது. இருக்கை கிடைத்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத ஓய்வும் இருக்கிறது. கணினியைக் கொண்டு கோடுகளையும் வட்டங்களையும் நிறங்களையும் ஒரு விதிப்படி வரையவைத்துப் படம் உருவாக்கும் கலையைக் கற்றுக்கொள்ள இவை இரண்டும் போதும். கைபேசியில் கற்பதைக் கணினி கிடைக்காதவர்களின் மாற்று வழியாக மட்டும் நான் கருதவில்லை. இந்தக் கலையில் நல்ல படங்கள் பலவும் முப்பது வரிக்கும் குறைவான செய்நிரல்களிலிருந்தே பிறக்கின்றன. முப்பது வரி ஒரு கைபேசித் திரைக்கு அளவானது. ஒரு பயணத்துக்கும் அளவானது. ஆகவே ஒரு பயணத்துக்கு ஓர் எண்ணம் மட்டும் என்பதே இங்கே கூறப்போகும் முறையின் அடிப்படை.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

ஏ9 வீதியில் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று போகும்போதும், மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் போகும்போதும், சிக்னல் வரும், போகும். அதை நம்பி வேலையைத் தொடங்கினால் கையில் எடுத்த எண்ணம் பாதியில் நின்றுவிடும். எனவே இணையம் இல்லாமலே இயங்கும் வகையில் எல்லாவற்றையும் முதல் நாளே வீட்டில் ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ரொய்ட் கைபேசியில் 'ஏகோட்' என்ற, செய்நிரல் எழுதுவதற்கான இலவச எடிட்டரை நிறுவுங்கள். அது திறந்த மூல மென்பொருள். எழுதிய பக்கத்தை அங்கேயே இயக்கிப் பார்க்கும் வசதியும் அதில் உண்டு. அடுத்து 'பி5.ஜேஎஸ்' நூலகத்தின் (படம் வரைவதற்கான ஆயத்தக் கட்டளைகளின் தொகுப்பு) சுருக்கப்பட்ட கோப்பை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து தரவிறக்கிக்கொள்ளுங்கள். அதன் அளவு ஏறக்குறைய ஒரு மெகாபைட் என்பதால் டேட்டாவை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. 2001இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கேசி ரீஸ், பென் ஃப்ரை ஆகிய இருவரும் ஓவியர்களையும் வடிவமைப்பாளர்களையும் மனத்தில் வைத்து 'ப்ராசெஸிங்' என்ற நிரலாக்கச் சூழலைத் தொடங்கினார்கள். அதன் எண்ணத்தை உலாவிக்கு ஏற்றபடி லோரன் மெக்கார்த்தி உலாவிகளின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக உருவாக்கியதே பி5. படம் வரைய விரும்பும் ஒருவர் முதல் நாளிலேயே திரையில் எதையாவது காண வேண்டும் என்ற அக்கறை அதன் ஒவ்வொரு கட்டளையிலும் தெரியும். தொடங்குவோருக்கு நான் இதையே பரிந்துரைப்பதற்கும் அதுவே காரணம்.

இனிக் கைபேசியில் ஒரு கோப்புறையை உருவாக்கி, தரவிறக்கிய நூலகக் கோப்பை அதற்குள் வையுங்கள். அதே கோப்புறையில் உலாவியில் திறக்கும் பக்கமான ஓர் எச்டிஎம்எல் கோப்பும், படத்தை எழுதுவதற்கு ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பும் வேண்டும். எச்டிஎம்எல் கோப்பில் நான்கு செய்திகள் இருந்தாலே போதும்: எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்ற அறிவிப்பு, பக்கத்தின் அகலம் கைபேசியின் அகலமே என்று சொல்லும் 'வியூபோர்ட்' வரி, நூலகத்தை அழைக்கும் வரி, உங்கள் கோப்பை அழைக்கும் வரி. கடைசி இரண்டின் வரிசை மாறக்கூடாது. நூலகம் முதலில் வராவிட்டால் உங்கள் கட்டளை எதையும் உலாவி அறியாது. வியூபோர்ட் வரியை விட்டுவிட்டால் படம் திரையின் ஒரு மூலையில் முத்திரை அளவில் சுருங்கிக் கிடக்கும்.

யூடிஎஃப்-8 அறிவிப்பு ஏன் தேவை என்றால், ஜாவாஸ்கிரிப்டில் மாறிகளுக்கு (ஒரு பெறுமானத்தை வைத்திருக்கும் பெயர்களுக்கு) தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம். நூலகத்தின் கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும் என்றாலும், நீங்களாக உருவாக்கும் 'நிரை', 'நிரல்', 'குலைவு' போன்ற மாறிகள் தமிழில் இருப்பதை மொழி ஏற்றுக்கொள்கிறது. பத்தாம் பதினோராம் தரத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போர் இதை அவசியம் செய்துபார்க்க வேண்டும். தான் எழுதியதைத் தானே வாசித்துப் புரிந்துகொள்ள முடிகிறது என்பது தொடக்கத்தில் பெரிய தைரியத்தைக் கொடுக்கும். பஸ்ஸில் அடிக்கடி விசைப்பலகையை மாற்றுவது சிரமமாக இருந்தால் ஓரெழுத்துப் பெயர்களை வைத்து எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்தபின் பெயர்களை மாற்றிக்கொள்ளலாம்.

ஐஃபோன் வைத்திருப்பவர்கள் பி5 தளத்தின் இணைய எடிட்டரை சஃபாரியில் திறந்து எழுதலாம். அதற்கு இணையத் தொடர்பு வேண்டும். ஐஃபோனில் 'ஸ்மார்ட் பங்ச்சுவேஷன்' என்ற அமைப்பை நிறுத்திவிடுங்கள். அது நேரான மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாக மாற்றிவிடும். அவற்றைச் செய்நிரல் ஏற்காது.

விசைப்பலகை

புதியவர்கள் பலர் கைவிடுவது கணிதத்துக்குப் பயந்து அல்ல, அடைப்புக்குறியைத் தேடித் தேடிக் களைத்துத்தான். ஏகோட் எடிட்டரில் விசைப்பலகைக்கு மேலே குறியீடுகளுக்கென்று ஒரு பட்டை தோன்றும், அதைப் பழகிக்கொள்ளுங்கள். விசைப்பலகையின் தானியங்கித் திருத்தத்தையும், சொல்லின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதியையும் நிறுத்துங்கள். பி5 கட்டளைகளில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு உண்டு. ஜிபோர்ட் பயன்படுத்துவோர் அதன் தனிப்பட்ட அகராதியில் குறுக்குவழிகளைச் சேர்த்துவைக்கலாம். இரண்டெழுத்தைத் தட்டியதும் 'ஃபோர்' லூப்பின் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளையின்) முழு வரியும் பரிந்துரையாக வருமாறு செய்துகொண்டால், குலுங்கும் பஸ்ஸிலும் அரை நிமிடத்தில் ஒரு லூப்பை எழுதிவிட முடியும்.

முதற் படம்: ஒழுங்கிலிருந்து குலைவுக்கு

முதற் பயணத்துக்கு நான் எடுத்துக்கொடுப்பது ஒரு பழைய படம். ஜெர்மனியில் சீமென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோர்ஜ் நீஸ் 1968இல் கணினியால் வரைந்த 'ஷொட்டர்' என்ற படத்தில் 12 நிரல்களும் (நெடுக்கு வரிசைகள்) 22 நிரைகளுமாக (குறுக்கு வரிசைகள்) சதுரங்கள் அடுக்கப்பட்டுள்ளன. மேலே அவை ஒழுங்காக நிற்கின்றன. கீழே போகப்போகச் சரிந்து, விலகி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன. மொத்தம் 264 சதுரங்கள், ஒரே ஒரு விதி. சாதாரண தரக் கணிதத்தைத் தாண்டி எதுவும் தேவையில்லை. இந்தக் கலையின் உயிர்நிலையான விதியும் எழுமாறும் ஒன்றோடொன்று கலக்கும் விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் வேறு எனக்குத் தெரியாது.

பி5இல் 'செட்டப்' என்ற செயற்கூறு (பெயரிட்ட கட்டளைத் தொகுதி) ஒரு முறை மட்டும் இயங்கும். 'ட்ரோ' என்ற செயற்கூறு நொடிக்கு அறுபது முறை வரை திரும்பத் திரும்ப இயங்கும். திரையின் இடது மேல் மூலையே உற்பத்திப் புள்ளி. பள்ளியில் வரைந்த வரைபுகளில் வை அச்சு மேல்நோக்கி ஏறும். இங்கே அது கீழ்நோக்கி இறங்குகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

செட்டப்புக்குள் 'கிரியேட்கேன்வஸ்' கட்டளையால் 360க்கு 600 அளவில் ஒரு பரப்பை உருவாக்குங்கள். இன்றைய கைபேசிகளில் பெரும்பாலானவற்றின் உலாவி அகலம் 360 அல்லது அதற்குச் சற்று மேல் என்பதால் இது திரையில் நன்றாக அமையும். ஒரு சதுரத்தின் பக்கம் 24 எனக் கொண்டால் 12 சதுரங்களுக்கு 288 வேண்டும். மீதி 72ஐ இருபுறமும் 36 ஆகப் பிரித்தால் ஓரம் கிடைக்கும். அதேபோல 22 நிரைகளுக்கு 528 வேண்டும். மேலும் கீழும் 36 விட்டால் சரியாக 600 ஆகிறது. இந்தக் கணக்கை பஸ் ஏறுமுன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். திரையில் எண்களை மாற்றும்போது எந்த எண் எதிலிருந்து வந்தது என்ற தெளிவு இருக்கும். செட்டப்பிலேயே கோணங்களைப் பாகையில் அளக்கும்படியும், சதுரங்களை அவற்றின் நடுப்புள்ளியை வைத்து வரையும்படியும், உள்ளே நிறம் நிரப்பாமல் விடும்படியும் சொல்லிவிடுங்கள். கடைசியாக 'நோலூப்' என்ற கட்டளையை இடுங்கள். படம் ஒரு முறை வரையப்பட்டதும் நின்றுவிடும், பேட்டரியும் மிஞ்சும்.

ட்ரோவுக்குள் பின்னணியை வெள்ளையாக்கியபின் ஒன்றனுள் ஒன்றாக இரண்டு லூப்கள் வேண்டும். வெளியே உள்ளது நிரையை 0 முதல் 21 வரையும், உள்ளே உள்ளது நிரலை 0 முதல் 11 வரையும் எண்ணும். ஒவ்வொரு நிரையிலும் குலைவு என்ற மாறிக்கு நிரையின் எண்ணை 22ஆல் வகுத்த பெறுமானத்தைக் கொடுங்கள். முதல் நிரையில் அது பூச்சியம். கடைசி நிரையில் ஏறக்குறைய ஒன்று. உள் லூப்பில் செய்ய வேண்டியவை ஐந்து. 'புஷ்' கட்டளையால் இப்போதைய நிலையைச் சேமிக்க வேண்டும். 'ட்ரான்ஸ்லேட்' கட்டளையால் சதுரத்தின் நடுவுக்கு நகர வேண்டும். அந்த இடத்தின் ஆள்கூறுகள் 48உடன் நிரல் எண்ணின் 24 மடங்கும், 48உடன் நிரை எண்ணின் 24 மடங்கும் ஆகும். இரண்டுடனும் மறை 12க்கும் 12க்கும் இடைப்பட்ட ஓர் எழுமாற்று எண்ணைக் குலைவால் பெருக்கிச் சேர்க்க வேண்டும். பிறகு 'ரொட்டேட்' கட்டளையால் மறை 45 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட எழுமாற்றுக் கோணத்தை அதே குலைவால் பெருக்கிச் சுழற்ற வேண்டும். அதன்பின் பூச்சியம், பூச்சியம் என்ற இடத்தில் பக்கம் 24 கொண்ட சதுரத்தை வரைந்து, 'பொப்' கட்டளையால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

இயக்கிப் பார்த்தபின் உடனே இன்னொரு படத்துக்குத் தாவிவிடாதீர்கள். இந்த ஒரே செய்நிரலில் ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பாருங்கள். குலைவை அதனாலேயே ஒரு தடவை பெருக்கினால் மேல் நிரைகள் நெடுநேரம் அமைதியாக இருந்து, கடைசிச் சில நிரைகளில் திடீரெனக் கலையும். சுழற்சியை நீக்கி நகர்வை மட்டும் விட்டால் படத்தின் குணமே மாறிவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும். 'ரேண்டம்சீட்' கட்டளைக்கு ஓர் எண்ணைக் கொடுத்தால், எத்தனை முறை இயக்கினாலும் அதே எழுமாற்று எண்களே அதே வரிசையில் வரும். பிடித்த படம் ஒன்று வந்ததும் அந்த எண்ணைக் குறித்துவைத்தால் அதை எப்போதும் மீட்டெடுக்கலாம்.

படம் வராதபோது

குறையைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கப் பழகுவதுதான் உண்மையான பயிற்சி. திரை முற்றிலும் வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் ஓர் அடைப்புக்குறி மூடப்படாமல் இருக்கும், அல்லது ஒரு கட்டளையின் எழுத்து மாறியிருக்கும். முன்னோட்டப் பக்கத்தின் கொன்சோலை (பிழைச் செய்திகள் தோன்றும் பகுதியை) திறந்தால் வரி எண்ணோடு பிழை தெரியும். சில சதுரங்கள் மட்டும் தெரிந்து, மற்றவை வலது கீழ்ப்புறமாகத் திரைக்கு வெளியே ஓடிவிட்டிருந்தால் புஷ், பொப் இரண்டில் ஒன்று விடுபட்டிருக்கிறது. நகர்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. இரண்டாம் நிரையிலேயே சதுரங்கள் கண்டபடி சாய்ந்து கிடந்தால் கோணம் பாகையில் அல்லாமல் ஆரையன் என்ற வேறொரு அலகில் அளக்கப்படுகிறது. 45 ஆரையன் என்பது ஏழு முழுச் சுற்றுக்கும் மேல் என்பதால், சிறிய குலைவே அங்கே பெரிய சுழற்சியாகிவிடுகிறது. படம் நடுங்கிக்கொண்டே இருந்தால் நோலூப் விடுபட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிய எழுமாற்று எண்களோடு படம் திரும்ப வரையப்படுகிறது. இந்த நான்கு குறைகளையும் நீங்களே வேண்டுமென்று உண்டாக்கிப் பார்ப்பதற்கு ஒரு முழுப் பயணத்தைக் கொடுத்தாலும் அது வீணல்ல.

பயணத்தைப் பயன்படுத்தும் விதம்

நின்றுகொண்டு போகும்போது எழுத வேண்டாம். மிதிபலகைக்கு அருகில் நிற்கும்போது கைபேசியை எடுக்கவே வேண்டாம். இருக்கை கிடைத்தாலும் தொடர்ந்து குனிந்து பார்த்தால் பலருக்குத் தலைசுற்றும். இரண்டு மூன்று நிமிடம் தட்டிவிட்டுச் சாளரத்துக்கு வெளியே தொலைவில் உள்ள ஒன்றைப் பார்ப்பதும், அடுத்த மாற்றம் என்ன என்பதை அப்போது யோசிப்பதும் நல்லது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நிற்கும் சில நிமிடங்கள் அடைப்புக்குறிகளைச் சரிபார்க்கத் தக்க நேரம். ஆட்டமில்லாத திரையில் பிழை எளிதாகக் கண்ணில் படும். நண்பகல் வெயிலில் கறுப்புப் பின்னணியில் எழுத்துத் தெரியாது. அப்போது வெள்ளைப் பின்னணிக்கு மாற்றுங்கள். மாலையில் ஓலெட் திரை உள்ளவர்கள் கறுப்புக்கு மாறினால் பேட்டரி சற்றுக் கூடுதலாக நிற்கும். அழைப்பு ஒன்று வந்தால் எடிட்டர் பின்னணியில் மூடப்படக்கூடும் என்பதால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சேமியுங்கள். படம் பிடித்திருந்தால் அந்தக் கோப்பில் கைவைக்காமல், அதன் பிரதி ஒன்றை எடுத்து அதில் தொடருங்கள்.

அடுத்த பயணங்களுக்கு

சாளரமே அடுத்த பாடத்தைத் தருகிறது. வீதியோரப் பனைகள் விரைவாகப் பின்னே ஓட, வயலுக்கு அப்பால் உள்ள மரவரிசை மெல்ல நகர்வதைக் கவனியுங்கள். ஒரு கோட்டையும் அதன் உச்சியில் ஒரு வட்டத்தையும் பனையாகக் கொண்டு, மூன்று அடுக்குகளாக வரையுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வேகமும் உயரமும் பாதியாக வேண்டும். இடது விளிம்பைத் தாண்டிய பனையை வலது விளிம்புக்குக் கொண்டுவந்தால் மரங்கள் முடிவின்றி வந்துகொண்டிருக்கும். இதற்கு நோலூப் கூடாது. நொடிக்கு முப்பது முறை வரைந்தாலே கண்ணுக்குப் போதும் என்பதால் 'ஃப்ரேம்ரேட்' கட்டளையால் அதை வரையறுத்துவிடுங்கள்.

கோலம் தெரிந்தவர்களுக்கு இன்னும் ஆழமான ஒரு வழி உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரிதிவாசனும் கோலங்களைக் கணினி இலக்கண விதிகளாக எழுதலாம் என்று 1974இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளியைச் சுற்றி வளையும் சிக்குக் கோலத்தில், அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இழைகள் இரண்டு விதமாகவே போகலாம்: ஒன்றையொன்று வெட்டிக் கடக்கலாம், அல்லது வெட்டாமல் வளைந்து திரும்பலாம். ஒவ்வோர் இடைவெளிக்கும் இந்த இரண்டில் ஒன்றை எழுமாற்றாகத் தெரிவுசெய்து, ஓரங்களில் மட்டும் எப்போதும் திரும்பவைத்தால், எங்கும் அறுந்துபோகாத இழைக்கோலம் கிடைக்கும். கால்பங்குக்கு மட்டும் தெரிவுசெய்து மற்றப் பங்குகளில் அதையே பிரதிபலித்தால் சமச்சீரும் வந்துவிடும். பொங்கலுக்கு முற்றத்தில் கோலம் போடும் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ இந்த விதியைச் சொல்லிப் பாருங்கள். எந்தத் தெரிவு கோலத்தை ஒரே இழையாக்கும், எது பல இழைகளாகப் பிரித்துவிடும் என்பதை அவர்கள் கைப்பழக்கத்தால் அறிவார்கள். அந்த அறிவு உங்கள் செய்நிரலுக்கு நேரடியாக உதவும்.

மூன்றாவது, பஸ்ஸின் அசைவையே படத்துக்குள் கொண்டுவருவது. பி5இல் 'ஆக்செலரேஷன்வை' என்ற மாறி கைபேசியின் மேல்கீழ் முடுக்கத்தைத் தருகிறது. முதற் படத்தின் நிரைகளை நொடிக்கு ஒன்றாக வரையவிட்டு, அந்த நொடியில் பதிவான மிகப்பெரிய அதிர்வையே அந்த நிரையின் குலைவாகக் கொடுங்கள். காபெட் இட்ட வீதியில் நிரைகள் ஏறக்குறைய நேராக நிற்கும். கிரவல் பாதைக்குத் திரும்பியதும் சதுரங்கள் சிதறும். 22 நொடியில் ஒரு படம் முடியும். கைபேசியை நிமிர்த்திப் பிடித்தால்தான் இந்த மாறி மேல்கீழ் அசைவைக் காட்டும். ஐஃபோனில், பயனர் திரையைத் தொட்டு அனுமதி கொடுத்த பின்னரே இந்த எண்கள் கிடைக்கும்.

லூப்களில் கை நன்றாகப் பழகியபின் 'ஷேடர் எடிட்டர்' என்ற திறந்த மூலச் செயலியைப் பாருங்கள். அங்கே நீங்கள் எழுதும் சிறு செய்நிரல் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக இயங்கி, அந்தப் புள்ளியின் நிறத்தைச் சொல்கிறது. சிந்தனை முற்றிலும் மாற வேண்டும் என்பதால் இதை முதலில் எடுக்க வேண்டாம். இணையம் தேவையில்லை, எழுதியதைக் கைபேசியின் அசையும் பின்னணிப் படமாகவும் வைக்கலாம். ஆனால் வரைகலைச் செயலியை அது ஓயாமல் இயக்குவதால் நீண்ட பயணத்தில் பேட்டரியைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்

கோப்புறையை கூகுள் டிரைவிலோ, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பும் செய்தியிலோ பிரதி எடுத்துவையுங்கள். படத்தைப் பிறருக்குக் காட்ட 'சேவ்கேன்வஸ்' கட்டளை அதைப் படக்கோப்பாகச் சேமித்துத் தரும்; திரைப்பிடிப்பை விட அது தெளிவாக இருக்கும். இன்னொருவர் அதை மாற்றிப் பார்க்க வேண்டுமானால் படக்கோப்பு போதாது. நூலகக் கோப்பு உட்பட முழுக் கோப்புறையையும் ஒரு ஜிப் கோப்பாக்கி அனுப்புங்கள். எந்த எண்ணை மாற்றினால் என்ன நடக்கும் என்பதை செய்நிரலின் முதல் வரியிலேயே தமிழில் குறிப்பாக எழுதிவிடுங்கள்.